லாச்சிக்குள் வைத்த எழுத்து: நஜீப் மஹ்பூழின் மௌனங்கள் குறித்து

நூல் வெளியீட்டு விழாக்களில் கூட்டம் கலைகிற நேரம் பார்த்து ஓர் எழுத்தாளரைப் பிடித்து வைத்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "இப்ப ஒண்டும் எழுதுறல்லையா?" கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். கேட்கப்பட்டவர் ஒரு சிரிப்புச் சிரித்து, "எழுதி வெச்சது கிடக்கு, பாப்பம்" என்பார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கேட்டவர் பக்கத்தில் நிற்பவரிடம் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "அவர் எழுத்தைக் கைவிட்டுட்டார்."

கைவிடுவது வேறு, எடுத்து வைப்பது வேறு. இந்த வித்தியாசம் நமது பேச்சுத் தமிழில் தெளிவாகவே இருக்கிறது. இஃப்தாருக்குப் பிந்தி வருகிற பிள்ளைக்காக உம்மா கஞ்சியை மூடி ஒரு பக்கத்தில் எடுத்து வைக்கிறா. அதை யாரும் கைவிட்ட கஞ்சி என்று சொல்வதில்லை. ஆனால் எழுத்து என்று வந்ததும் நமது விமர்சனம் இந்த வித்தியாசத்தை மறந்துபோகிறது. ஒருவர் பத்து வருடம் நூல் போடவில்லையென்றால் அவருடைய பெயருக்குக் கீழே கோடு இழுத்துவிடுகிறோம். இலக்கிய வரலாற்றுக் கட்டுரைகளில் "எழுபதுகளில் எழுதியவர்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். லாச்சிக்குள் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கேட்பதில்லை. எழுதுபவர்களின் எண்ணிக்கை குறைந்த ஒரு சமூகத்துக்கு இது சின்ன நட்டமல்ல.

இந்த விடயத்தைப் பேசுவதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த உதாரணம் எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்பூழ். 1911இல் கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியில் பிறந்து, 2006இல் மௌத்தானவர். 1988இல் நோபல் பரிசு பெற்றவர். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இவருடைய ஒழுங்கைப் புகழ்வார்கள். கந்தோர் உத்தியோகத்தர், மணிக்கூட்டைப் பார்த்துக் கோப்பிக் கடைக்கு வருபவர், மணிக்கூட்டைப் பார்த்து எழுந்து போபவர், எழுதிக் குவித்தவர். எல்லாம் உண்மை. ஆனால் எழுதிக் குவித்த இந்த மனிதர்தான் பெரிய பெரிய வேலைகளை நடுவழியில் நிறுத்தியவரும். நான் இங்கே பார்க்க விரும்புவது அவர் எழுதிய வருடங்களை அல்ல. நிறுத்திய இடங்களையும், திரும்பி வந்த விதத்தையும்தான்.

முதலில் அவர் நிறுத்தியது ஓர் ஆய்வு. 1934இல் மெய்யியலில் பட்டம் பெற்ற பிறகு, ஷெய்க் முஸ்தபா அப்துர் ராஸிக்கின் வழிகாட்டலில் முதுமாணிப் பட்டத்துக்காக இஸ்லாமிய மெய்யியலில் அழகு என்ற கருத்தை ஆராயத் தொடங்கினார். கதையா மெய்யியலா என்ற இழுபறியில் ஆய்வை விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இதை நான் கைவிட்டது என்றே கணக்கில் வைக்கிறேன்.

அடுத்தது பெரியது. பண்டைய எகிப்தைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஒரு நூலை மாணவனாக இருக்கும்போதே மொழிபெயர்த்தவர் அவர். 1932இல் வெளிவந்த அதுதான் அவருடைய முதல் நூல். அந்த ஈடுபாட்டிலிருந்து பிறந்தது ஒரு மாபெரும் திட்டம். பிர்அவ்ன்களின் காலத்திலிருந்து தொடங்கி எகிப்தின் முழு வரலாற்றையும் நாவல்களாக எழுதுவது. ஏறத்தாழ நாற்பது நாவல்களுக்கான கருக்களைக் குறித்து வைத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எழுதியது மூன்று: 1939இல் 'அபதுல் அக்தார்', 1943இல் 'ராதூபீஸ்', 1944இல் 'கிபாஹு தீபா'. அத்தோடு நிறுத்தம். அடுத்து வந்தவை 'அல்காஹிரதுல் ஜதீதா', 'கான் அல்கலீலி', 'ஸுகாகுல் மிதக்' என்று அவர் பிறந்து வளர்ந்த கெய்ரோவின் சந்துகளும் கந்தோர்களும் கடைகளும். பிர்அவ்ன்களைக் காணோம்.

ஏன் நிறுத்தினார்? 'கிபாஹு தீபா'வைப் படித்தால் விடை கிடைக்கும். எகிப்தை ஆக்கிரமித்திருந்த ஹிக்ஸோஸ் அந்நியரை அஹ்மோஸ் என்ற இளவரசன் விரட்டியடிக்கிற கதை. பிரித்தானியப் படை நாட்டுக்குள் நின்றிருந்த காலத்தில் இதை வாசித்த எகிப்தியருக்கு இரத்தம் கொதித்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் நாவலாக அது மெலிந்தது. நம்மவர் எல்லாரும் அழகர், வீரர். அந்நியர் எல்லாரும் அருவருப்பானவர்கள். சொல்ல வேண்டியதை முதல் அத்தியாயங்களிலேயே சொல்லி முடித்துவிட்டு, மிச்சப் பக்கங்களில் தேர்களை ஓடவிடுகிறார் ஆசிரியர். இதே அச்சில் இன்னும் முப்பத்தேழு நாவல்கள் வந்திருந்தால் மஹ்பூழ் இன்று எகிப்தியப் பாடசாலைப் புத்தகங்களில் மட்டும் இருந்திருப்பார். அவர் கையிலிருந்த பொருள் தீர்ந்திருக்கவில்லை, அதைச் சொல்கிற முறைதான் தீர்ந்துவிட்டது. பொருளை எடுத்து வைத்துவிட்டு வேறு முறை தேடிப் போனார் என்பது என் வாசிப்பு. இதற்கான சாட்சி நாற்பது வருடங்களுக்குப் பிறகுதான் வருகிறது. அதற்கு முன் இன்னொரு மௌனம் இருக்கிறது.

கெய்ரோ முந்நாவல் என்று நாம் அழைக்கிற 'பைனல் கஸ்ரைன்', 'கஸ்ருஷ் ஷவ்க்', 'அஸ்ஸுக்கரிய்யா' ஆகியவற்றை அவர் ஒரே நாவலாகத்தான் எழுதினார். ஆயிரம் பக்கத்துக்கும் மேலே. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை, 1917 தொடங்கி இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை. எழுதி முடித்த பிரதியைப் பதிப்பாளரிடம் கொண்டுபோனபோது, அதன் பருமனைப் பார்த்தே அவர் மறுத்துவிட்டார். வருடக்கணக்கில் கந்தோர் விட்டு வந்து இரவிரவாக எழுதிய ஒன்றைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற மனிதரை நினைத்துப் பாருங்கள். 1954 தொடக்கம் ஒரு சஞ்சிகையில் முதற் பகுதி தொடராக வந்தது. பிறகு 1956, 1957 ஆண்டுகளில் மூன்று நூல்களாகப் பிரிந்து வெளிவந்தது. பிரிக்க வேண்டி வந்ததே பருமனால்தான். 'முந்நாவல்' என்ற வடிவத்தைப் பற்றி நமது பல்கலைக்கழகக் கட்டுரைகளில் ஆழமாகப் பேசுகிறவர்கள் இதையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இங்கே விமர்சனத்துக்கு முக்கியமான ஒரு புள்ளி இருக்கிறது. இந்த நாவல் எழுதி முடிக்கப்பட்டது 1952 ஜூலைப் புரட்சிக்கு முன்னர். வெளிவந்தது புரட்சிக்குப் பின்னர், நாஸர் சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கிய காலத்தில். வெளியான ஆண்டை மட்டும் பார்த்து வாசிப்பவர் இதைப் புரட்சிக்குப் பிந்திய எகிப்து தன் பழைய காலத்தைத் திரும்பிப் பார்க்கிற நாவல் என்று எடுத்துக்கொள்வார். அப்படியல்ல. ஒரு பேரனை இஹ்வான் பக்கமும் இன்னொரு பேரனைக் கம்யூனிஸ்டுகள் பக்கமும் அனுப்பி, இருவரையும் ஒரே சிறைக்குள் தள்ளி நாவலை நிறுத்துகிறபோது, நாளைக்கு என்ன நடக்கும் என்று எழுதியவருக்கே தெரியாது. மன்னராட்சி இன்னும் சில காலத்தில் விழப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் கடைசிப் பகுதியின் பலம். லாச்சிக்குள் கிடந்த வருடங்களைக் கணக்கில் எடுக்காத வாசகருக்கு இது கிடைக்காது.

நமது நாட்டில் வெளிவருகிற தமிழ் நூல்களைப் பாருங்கள். முதற் பதிப்பு இன்ன ஆண்டு, பிரதிகள் இத்தனை, அட்டை வடிவமைப்பு இன்னார், கணினி வடிவமைப்பு இன்னார், எல்லாம் இருக்கும். எப்போது எழுதப்பட்டது என்பது மட்டும் இருக்காது. எண்பதுகளில் எழுதி, காசில்லாமல் கிடந்து, 2010க்குப் பிறகு பென்ஷன் காசில் அச்சேறிய ஒரு தொகுதியை எடுத்து, "இன்றைய பிரச்சினைகளைப் பேசவில்லை" என்று மதிப்புரை எழுதுகிறோம். எழுதியவர் என்னத்தைச் சொல்வார் பாவம். பேசாமல் இருந்துவிடுகிறார். எழுதிய ஆண்டை ஒவ்வொரு கதைக்கும் கவிதைக்கும் கீழே போடுவது ஒரு சின்ன வேலை. பதிப்பிப்பவர்கள் அதைக் கட்டாயமாக்கினால் மதிப்புரை எழுதுகிறவர்களுக்கும் ஒரு கடிவாளம் விழும்.

மஹ்பூழுக்கு வருவோம். முந்நாவலுக்குப் பிறகு அவர் சில வருடங்கள் நாவல் எழுதவில்லை. புரட்சி வந்து பழைய சமூகம் போய்விட்டது, அதை விமர்சிக்க இருந்த ஆசையும் அதோடு போய்விட்டது என்பது அவர் பேட்டிகளில் சொல்லிவந்த காரணம். எழுதத் தயாராக இருந்த ஏழு நாவல்களின் கருக்களையும் அப்படியே விட்டுவிட்டார். தன்னுடைய இலக்கிய வாழ்வு முடிந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார். விமர்சகர்கள் அனேகமாக இந்தக் காரணத்தை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது பாதிக் காரணமாகவே படுகிறது. ஆட்சி மாறினால் பொருள் தீர்ந்துபோகும் என்றால், அந்தப் பொருள் ஆட்சியைப் பற்றியதாக மட்டும் இருந்திருக்க வேண்டும். முந்நாவலில் இருப்பது அதுவல்ல. நள்ளிரவில் தானாகவே விழித்துக்கொண்டு, எங்கெங்கோ போய் வருகிற கணவருக்காக விளக்கோடு காத்திருக்கிறாளே அமீனா, அவளுடைய காத்திருப்பு எந்த மன்னரோடும் முடிகிற விடயமில்லை. மற்றப் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்: ஒரு வீட்டின் ஒவ்வொரு படிக்கட்டையும் ஒவ்வொரு கோப்பையையும் விபரிக்கிற அந்த எழுத்துமுறையை அவர் அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அதற்கு மேல் போக வழியில்லை. பிர்அவ்ன் நாவல்களில் நடந்த அதே சங்கதி, இம்முறை தோல்வியில் அல்ல, வெற்றியில் நடந்தது.

அந்த வருடங்களில் அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம். சும்மா இருக்கவில்லை. பகலில் அவ்காப் அமைச்சில் வேலை. அங்கே 'கர்ழ் ஹஸன்' திட்டத்துக்குப் பொறுப்பாகவும் அவர் இருந்திருக்கிறார். வட்டியில்லாக் கடன் கேட்டு வருகிற ஏழைப் பெண்கள் முன்னால் உட்கார்ந்து தங்கள் கதைகளைச் சொல்வதைக் கேட்பது ஒரு நாவலாசிரியருக்கு எப்பேர்ப்பட்ட உத்தியோகம்! மற்றப் பக்கம் சினிமா. பணிப்பாளர் ஸலாஹ் அபூ ஸைபோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். 1953இல் வந்த 'ரயா வ ஸகீனா', 1954இல் வந்த 'அல்வஹ்ஷ்' என்ற குற்றக் கதைப் படங்களில் இவருடைய கை இருக்கிறது. இலக்கியத் தூய்மை பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். எழுத்தாளன் என்றால் மௌனமாக இருக்கும்போது கூட ஞானம் தேட வேண்டும், படத்துக்குக் கதை எழுதக் கூடாது என்பது நமது எண்ணம்.

1959இல் அல்அஹ்ராம் பத்திரிகையில் தொடராக வந்த 'அவ்லாது ஹாரதினா'வோடு அவர் நாவலுக்குத் திரும்பினார். அந்த நாவல் பற்றி அல்அஸ்ஹர் உலமாக்கள் எழுப்பிய ஆட்சேபம், அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் தனிக் கட்டுரைக்குரியவை. நமது எடுகோளுக்கு அது தேவையில்லை. நான் பார்க்கச் சொல்வது 1961இல் வந்த 'அல்லிஸ்ஸு வல்கிலாப்' நாவலை, அதாவது 'திருடனும் நாய்களும்'. முந்நாவலை எழுதியவர்தான் இதை எழுதினார் என்று பெயரை மறைத்துக் கொடுத்தால் நம்ப மாட்டீர்கள். சிறிய நாவல். ஸயீத் மஹ்ரான் என்ற திருடன் சிறையிலிருந்து வெளியே வருகிறான். வெயில், புழுதி, கூட்டிப் போக யாருமில்லை. அவனுடைய மனதுக்குள் ஓடுகிற பேச்சு, நடக்கிற சம்பவத்தை இடையில் வெட்டி வெட்டி வருகிறது. வீட்டின் படிக்கட்டுகளை எண்ணுகிற பொறுமை போய்விட்டது. ஒரு கதவு, ஒரு துப்பாக்கி, மையவாடிக்குப் பக்கத்தில் ஒரு வீடு, போதும். காட்சியிலிருந்து காட்சிக்குத் தாவுகிற இந்த வேகம் வானத்திலிருந்து இறங்கவில்லை. திரைக்கதை எழுதிய வருடங்களில் கைக்குப் பழகியது. பத்திரிகைகளில் அடிபட்ட ஓர் உண்மைக் குற்றச் சம்பவத்தைக் கருவாக எடுக்கிற துணிவும் அங்கே பழகியதுதான். அந்த ஏழு நாவல்களின் கருக்கள்? அவற்றை அவர் எழுதவேயில்லை.

இதனால்தான் "எழுதியதை ஆறு மாதம் லாச்சிக்குள் போட்டு வைத்து, பிறகு எடுத்துத் திருத்துங்கள்" என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படுகிற புத்திமதி எனக்கு அரைகுறையாகப் படுகிறது. அரிசியை ஊறப் போட்டால் அரிசிதான் ஊறும், எழுதியவர் ஊறுவதில்லை. ஆறு மாதமும் அதே பத்திரிகையை வாசித்து, அதே நாலு பேரோடு பேசி, அதே மாதிரிக் கவிதையை வேறு தலைப்பில் எழுதிக்கொண்டிருந்தவர் லாச்சியைத் திறந்தால், எழுத்துப் பிழை திருத்தலாம். அதுவும் தேவைதான். ஆனால் எடுத்து வைத்ததன் பயன் அதுவல்ல.

இனி அந்த நாற்பது வருடச் சாட்சிக்கு வருகிறேன். 1985இல் மஹ்பூழ் 'அல்ஆஇஷு ஃபில் ஹகீகா' என்ற நாவலை வெளியிட்டார். 'உண்மையில் வாழ்பவன்' என்று சொல்லலாம். கதை யாருடையது? பிர்அவ்ன் அக்னாதூனுடையது. பல தெய்வங்களை மறுத்து ஒரே கடவுளை வணங்கச் சொல்லி, தலைநகரையே மாற்றி, கடைசியில் மதபீடத்தாலும் படையாலும் கைவிடப்பட்ட மன்னன். 1944இல் மூடிய கதவை எழுபது வயது தாண்டித் திறக்கிறார். (இதற்கு இரண்டு வருடம் முந்தி 'அமாமல் அர்ஷ்' என்ற நூலில், எகிப்தை ஆண்டவர்களை முதல் மன்னனிலிருந்து ஸாதாத் வரைக்கும் வரிசையாக நிறுத்தி விசாரணை நடத்தியிருந்தார். அது நாவலா நாடகமா விசாரணை அறிக்கையா என்று எனக்கு இன்னும் முடிவில்லை. ஸாதாத்தையும் நாஸரையும் கேள்வி கேட்கிற இடங்கள் தவிர மற்றவை சலிப்புத் தருபவை.)

1944இல் எழுதியிருந்தால் அக்னாதூனும் இன்னொரு அஹ்மோஸ் ஆகியிருப்பான்: ஒரு பக்கம் நல்லவன், மறுபக்கம் கெட்ட குருக்கள். 1985இல் மஹ்பூழ் அவனை நேரில் காட்டவேயில்லை. கதை தொடங்கும்போது அவன் மரித்துவிட்டான். மெரியாமூன் என்ற இளைஞன் தகப்பனோடு நைல் நதியில் படகில் போகிறபோது, கரையில் பாழடைந்து கிடக்கிற ஒரு நகரத்தைக் காண்கிறான். அது யாருடைய நகரம், ஏன் இப்படிக் கிடக்கிறது என்று அறிய ஆசை. தகப்பனின் அறிமுகக் கடிதங்களை எடுத்துக்கொண்டு, மன்னனை அறிந்தவர்களைத் தேடித் தேடிப் போய்க் கேட்கிறான். ஆமூன் கோயிலின் தலைமைக் குரு, படைத் தலைவன் ஹொரெம்ஹெப், சிற்பி பெக், மருத்துவன், மாமனார், அந்தப்புரப் பெண், கடைசியில் அந்தப் பாழ் நகரத்தில் தனியாகக் காவலில் இருக்கிற ராணி நெஃபர்தீதீ. ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒருவருக்கு அவன் பைத்தியம், ஒருவருக்கு வலி, ஒருவருக்கு ஆண்மையற்றவன், ஒருவருக்கு நாட்டைக் கெடுத்தவன். மெரியாமூன் குறுக்கிட்டு வாதிடுவதில்லை. கேட்டு எழுதிக்கொள்கிறான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1967இல் வந்த 'மீராமார்' நாவலிலிருந்து. அலெக்சாந்திரியாவில் ஒரு தங்கும் விடுதி, அங்கே வேலை செய்கிற கிராமத்துப் பெண் ஸுஹ்ரா, ஒரே சம்பவங்களைத் தத்தம் கண்ணால் பார்த்துச் சொல்கிற நான்கு ஆண்கள். நிகழ்கால எகிப்தின் அரசியலைப் பேசக் கண்டுபிடித்த கருவியை எடுத்துக்கொண்டு, மூவாயிரம் வருடம் பின்னால் போகிறார். பிர்அவ்ன் காலத்தை எடுத்து வைத்த ஆள் ஒருவர், திரும்ப எடுத்தவர் இன்னொருவர். இடையில் அவர் கெய்ரோவின் சந்துகளில் நடந்து, சினிமாவுக்கு எழுதி, 1967 தோல்வியைப் பார்த்து, 1981இல் ஒரு ஜனாதிபதி சுடப்பட்டதையும் பார்த்துவிட்டார். அந்நியனை விரட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய இளைஞர் போய்விட்டார்.

ஒரு முஸ்லிம் வாசகருக்கு இந்த நாவலில் கூடுதலான ஓர் அக்கறை இருக்கும். தவ்ஹீதுக்குக் கிட்டிய ஒரு நம்பிக்கையை, அரசனின் அதிகாரத்தோடு அறிவித்த ஒருவன் ஏன் தோற்றான்? வாளை எடுக்க மறுத்ததால் என்கிறார்கள் படைத் தரப்பினர். வாளை எடுத்திருந்தால் அவன் அறிவித்தது என்னவாகியிருக்கும் என்ற கேள்வி நாவலில் வெளிப்படையாகக் கேட்கப்படவில்லை, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது. 'கிபாஹு தீபா'வில் வாளுக்கு எதிராக ஒரு சொல் கூட இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரு மனிதர் நாற்பது வருடத்தில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. சாட்சி சொல்கிற இத்தனை பேரும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகிறார்கள். 'மீராமார்' நாவலில் வயோதிபப் பத்திரிகையாளரின் பேச்சும் பண்ணைக்காரப் பையனின் பேச்சும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வேறுபடும். இங்கே குருவும் மருத்துவனும் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டால் கூடப் பெரிதாகத் தெரியாது. சம்பவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இருந்தாலும் முடிவு என்னைப் பிடித்துக்கொள்கிறது. ஊருக்குத் திரும்பிய மெரியாமூன், தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்கிறான், இரண்டைத் தவிர: அந்த ஏக இறைவனைப் பற்றிய பாடல்கள் மீது தனக்கு வந்த பிரியம், அந்த அழகான ராணி மீது தனக்கு வந்த காதல்.

எடுத்து வைப்பதும் திரும்ப எடுப்பதும் எப்போதும் ஒருவருக்குள்ளேயே நடக்க வேண்டும் என்றும் இல்லை. நமது மரபில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் கிடக்கிறது, சீறாப்புராணம்தான். வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப் புலவர் தொடங்கிய வேலை, வள்ளலின் மறைவோடு நின்றது என்பதும், பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் மீண்டும் நடந்தது என்பதும் மரபுவழியாக நாம் அறிந்த வரலாறு. அப்படி நடந்தும் 5027 பாடல்களோடு ஹிஜ்றத்துக் காண்டத்தில் அது நின்றுபோனது. நபி (ஸல்) அவர்களின் வபாத் வரை அது போகவில்லை. பனீ அகமது மரைக்காயர் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு 'சின்னச் சீறா'வைப் பாடினார். அதற்கும் பிறகு 1842இல் புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் சீறாவை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். புரவலர் இருவர், பாடியவர் இருவர், பதிப்பித்தவர் ஒருவர். காலம் ஒன்றரை நூற்றாண்டு. இதில் எவரையாவது பார்த்து "இப்ப ஒண்டும் எழுதுறல்லையா" என்று கேட்டிருக்க முடியுமா?

புரவலர் என்றதும் ஒரு சங்கதி. அபுல்காசிம் மரைக்காயரை உமறுப் புலவர் காப்பியத்துக்குள்ளேயே பல இடங்களில் புகழ்கிறார். இன்று நாம் முதற் பிரதி பெறுகிறவரை மேடையில் மட்டும் புகழ்கிறோம். அந்த வகையில் காப்பியத்துக்கு நட்டமில்லை. ஆனால் அபுல்காசிம் செய்தது முதற் பிரதி வாங்குவதல்ல. நின்றுபோன ஒரு வேலையைத் தேடிப் போய், எழுதுகிற காலத்துக்குச் சோறு போட்டது. எழுதி முடித்த பிறகு படம் பிடிக்க வருகிறவர்கள் நம்மிடம் தாராளமாக இருக்கிறார்கள். எழுதி முடிக்காமல் கிடக்கிறதைத் தேடி வருகிறவர்கள் எத்தனை பேர்?

எல்லா லாச்சியையும் திரும்பத் திறக்க முடியாது என்பதையும் நாம் அறிவோம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். அந்த நேரத்தில் யாரும் கொப்பிகளை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. அங்கே போனவற்றைப் பற்றி நம்மிடம் பட்டியல் எதுவும் கிடையாது. அப்படி இழந்த ஒன்றை ஒருவர் இருபது, முப்பது வருடங்களுக்குப் பிறகு ஞாபகத்திலிருந்து மீள எழுதினால், அது பழைய பிரதி ஆகாது. அதைப் பழைய பிரதியோடு ஒப்பிட்டு மார்க் போடவும் முடியாது. அக்னாதூன் நாவலை வாசிப்பது போல, இடையில் போன வருடங்களையும் சேர்த்துத்தான் அதை வாசிக்க வேண்டும். விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது புதிய வேலை. "முன்னைய வீச்சு இல்லை" என்ற ஒரு வரியால் இதைச் செய்துவிட முடியாது.

மஹ்பூழின் கடைசி நிறுத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. கண் ஒவ்வாமை காரணமாக அவர் வருடத்தில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் எழுதுவார். கோடை முழுக்கப் பேனையைத் தொட மாட்டார். ஆக ஒவ்வொரு வருடமும் ஒரு கட்டாய நிறுத்தம் அவருக்கு இருந்தது. நிறுத்திய இடத்துக்குத் திரும்பி வருகிற பழக்கம் உடம்பில் ஊறியிருந்தது. 1994 ஒக்டோபரில், எண்பத்திரண்டு வயதில், வீட்டு வாசலில் வைத்து ஓர் இளைஞன் அவருடைய கழுத்தில் கத்தியால் குத்தினான். உயிர் தப்பியது. வலது கையின் நரம்புகள் பாதிக்கப்பட்டன. எழுதுவதற்கு அந்தக் கையை மறுபடி பழக்க வேண்டியிருந்தது. பாதிஹா ஓதப் பழகுகிற பிள்ளை அலிஃப், பே எழுதுவது போலத்தான் தொடங்கியிருப்பார்.

அந்தக் கையால் நீண்ட நாவல் எழுத முடியாது. கண் பார்வையும் குறைந்துவிட்டது. அவர் நாவலை எடுத்து வைத்துவிட்டு, கண்ட கனவுகளை அரைப் பக்கம், கால் பக்கம் என்று எழுதினார். 'அஹ்லாமு ஃபத்ரதின் நகாஹா', நோயிலிருந்து தேறுகிற காலத்துக் கனவுகள். ஒரு சஞ்சிகையில் தொடர்ந்து வந்தன. பழைய ஜமாலிய்யாச் சந்து வருகிறது, மௌத்தான சிநேகிதர்கள் வருகிறார்கள், உத்தியோகம் பார்த்த கந்தோர் வருகிறது, யாரென்று தெரியாத ஒரு பெண் வருகிறா. சிலது எனக்குப் பிடிபடவேயில்லை. சிலது ஒரு நல்ல சிறுகதையை நாலு வரிக்குள் அடக்கியது போல இருக்கிறது. முந்நாவலில் ஐம்பது பக்கம் எடுத்துச் சொன்ன ஒரு வீட்டை, இங்கே ஒரு கதவைத் தட்டுகிற சத்தத்தில் சொல்லிவிடுகிறார். இந்தக் கனவுகளில் ஒரு இருபதையாவது யாராவது அரபிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். அரபு படித்த நம்மவர்கள் பலரிடம் இப்படி எங்கேயோ நின்றுபோன மொழிபெயர்ப்புக் கொப்பி ஒன்று இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.